முறுக்கு அவிழாத எலும்பு

பூஜ்யம் என்றால் வலியே கிடையாது, பத்து என்றால் உயிர் போகிற வலி, இதுக்கு நடுவில உங்க வலி எத்தனை அங்கிள் என்று கேட்டுவிட்டுப் பிசியோதெரபி பார்க்கிற நசீமா பேனாவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டையைக் கழற்றி, கழுத்தில் மாதா படம் கோத்த உத்தரியம் மட்டும் தொங்க, ரெக்சின் மெத்தை போட்ட உயரக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்த சூசைமாணிக்கத்துக்கு இது வலியைப் பற்றிய கேள்வியாகவே படவில்லை, சந்தையில் மாட்டுக்கு விலை கேட்கிற மாதிரிப் பட்டது, துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேச வேண்டிய சங்கதி. இரண்டு என்றால் இதுக்குப் போய் ஏன் வந்தீங்க என்பாள். ஏழு என்றால் அடுத்த மாதம் மாவட்ட மூத்தோர் தடகளப் போட்டியில், அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் ஈட்டியெறிதலில், அவர் பெயர் இருக்காது, பெயர் இல்லாததைப் பார்த்துக் கோதண்டபாணி சிரிப்பான், மேல்வரிசையில் தங்கம் கட்டிய ஒற்றைப் பல் தெரிகிற சிரிப்பு, ரயிலில் கார்டு வேலை பார்த்தவனுக்கு எதற்குத் தங்கப்பல், பச்சைக் கொடிக்குப் பதிலாகப் பல்லைக் காட்டியே வண்டியை அனுப்பியிருப்பான். எறியலாமா கூடாதா, அந்த ஒன்றுதான் தெரிய வேண்டும், மற்றபடி தோள் எப்படிப் போனால் என்ன. "நாலு" என்றார், ரொம்ப யோசித்து, நாலு நல்ல நம்பர், நாலு பேருக்கு நடுவில் நிற்கிற நம்பர். "நாலா?" என்றாள் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த பிலோமி. நாற்பத்திரண்டு வருஷத்து மனைவி, எந்த நம்பரைச் சொன்னாலும் திருத்துவதற்கென்றே கர்த்தர் படைத்தது. "நேத்து ராத்திரி சட்டையைக் கழட்டும்போது மாதாவே மாதாவேன்னு தெரு முழுக்கக் கேக்கக் கூப்பிட்டீங்களே, அது நாலுக்கா?" "அது பக்தி" என்றார் சூசைமாணிக்கம். நசீமா சிரிக்காமல் எதையோ எழுதினாள், நாலு என்று எழுத அவ்வளவு நேரம் ஆகாது, ஏழு போட்டுவிட்டாளோ, பேனாவின் வாலைப் பார்த்தே என்ன எழுத்து என்று சொல்கிற வித்தை தனக்குத் தெரியும் என்று ஒரு காலத்தில் வேலை பார்த்த பட்டறை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார், ஃபோர்மேன்கூட நம்பி அவர் எதிரில் எழுதவே பயந்தார், இப்போது அந்த வித்தை கை கொடுத்தால் தேவலை.

அடுத்தது எப்படி வந்துச்சு என்று கேட்பாள். இது அவருடைய மைதானம். கீழே மருந்துக் கடையை ஒட்டிய மேசையில் பெயர் பதிகிற பெண் கேட்டபோது கவிழ்ந்த ஆட்டோவைத் தூக்கி நிறுத்தினேன் என்று சொல்லியிருந்தார், ஆட்டோவுக்குள் ஒரு கர்ப்பிணி. படியேறும்போது கழுத்துப் பட்டை மாட்டியவர் ஒருத்தர் விசாரித்தபோது ஆட்டோ சின்னதாகத் தோன்றிவிட்டது, அதனால் யானை, யானை அன்பாகத்தான் கையைக் குலுக்கிற்று, அதன் அன்பு அவ்வளவு. "அங்கிள், கீழ சொன்ன ஆட்டோவும் படியில சொன்ன யானையும் உங்களுக்கு முன்னாடியே மேல வந்து சேர்ந்திடுச்சு, மூணாவதா எனக்கு என்ன வச்சிருக்கீங்க?" என்றாள் நசீமா. "தண்ணித்தொட்டி மூடியைக்கூட நான்தாம்மா தூக்குறேன்" என்றாள் பிலோமி. காவிரி வெள்ளத்தில் ஒருவனை இழுத்துக் கரையில் போட்ட மூன்றாவது கதை நாக்கின் நுனிவரை வந்து நின்றது, ஆனால் அதற்குள் அந்தப் பெண், ஈட்டியைப் பற்றிப் பிலோமி முன்பே போட்டுக்கொடுத்திருக்க வேண்டும், வேறு மாதிரி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டாள், "ஈட்டியைப் பின்னாடி கொண்டு போகும்போது வலிக்குதா, முன்னாடி இழுக்கும்போதா, விட்ட பிறகா?" இதுவரை ஒருத்தரும் கேட்காத கேள்வி, கதை கேட்கத் தெரிந்த ஆள் கேட்கிற கேள்வி, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பவர்கள் ஊர் முழுக்க உண்டு, எந்த இடத்தில் என்று கேட்பவர்கள் குறைவு. அவர் கண்ணை மூடி ஓடிப் பார்த்தார், விடியற்காலை மைதானம், பனி பட்ட புல், கையில் ஈட்டியின் கயிறு சுற்றிய பிடி, பின்னால் போகிறது, போகிறது, போய் நின்று திரும்புகிற அந்த ஒரு சிமிட்டல், அங்கேதான் சூடேற்றிய ஊசி. "பின்னால போயித் திரும்புற எடத்துல" என்றார், பொய்யே கலக்காமல், தன் குரலே கொஞ்சம் அந்நியமாகக் கேட்டது. அப்புறம் மிச்சமும் தானாக வந்துவிட்டது, கோதண்டபாணி சொன்னது, "சூசை, உன் ஈட்டி விழுற எடத்துல நான் மல்லாந்து படுத்துக்கறேன், மேல பட்டாலும் ஊசி போட்ட மாதிரிதான் இருக்கும்" என்று டீக்கடையில் பத்துப் பேர் நடுவில் சொன்னது, அதற்குப் பிறகு ஒரு நாள்கூட விடாமல் போய், வெயில் உறைக்கிறவரை எறிந்து எறிந்து, ஊசி ஏறின அன்றைக்கும் அசட்டுச் சிரிப்போடு இன்னும் மூன்று எறிந்தது. "நாள் விட்டு நாள் எறியணும்னு யாரும் சொல்லலையா?" "சொல்ற ஆளு யாரு, எல்லாருக்கும் நான்தானே சொல்றது." பிலோமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து அவரையே பார்த்தாள், யானை எங்கே போயிற்று என்று தேடுகிற மாதிரி.

எழுந்து நிற்கச் சொன்னாள், திரும்பி நிற்கச் சொன்னாள், இரண்டு கையையும் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்கச் சொன்னாள். முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள் நின்று பார்ப்பது என்ன ஒரு கூச்சம், முதுகுக்கு முகபாவம் கிடையாது, முகத்தை வைத்து எத்தனை பேரைச் சமாளித்திருக்கிறார், முதுகை எப்படிச் சிரிக்க வைப்பது. "வலது தோள்பட்டை எலும்பு பாருங்க, கை கிளம்புறதுக்கு முன்னாடி அது கிளம்பிடுது, கதவு மாதிரி வெளிய தள்ளுது" என்று நசீமா பிலோமியிடம் சொல்ல, பிலோமி எழுந்து வந்து பார்த்தாள், இரண்டு பெண்பிள்ளைகள் தன் முதுகில் எதையோ படிக்கிறார்கள், தனக்குத் தெரியாத எதையோ. டம்ளரில் இருக்கிற தண்ணீரைக் கீழே கொட்டுகிற மாதிரி கட்டை விரலைக் கவிழ்த்துக் கையை நீட்டுங்க, நான் அழுத்துவேன், விடாம நில்லுங்க என்றாள். இடது கை இரும்புத் தூண் மாதிரி நின்றது. வலது கை நின்றது, நின்றது, அப்புறம் நின்ற மாதிரி நடித்தது, அவள் விரலின் கனம்தான், ஒரு கரண்டியின் கனம் இருக்குமா, அதற்குப் பயந்து கீழே இறங்கியது. அந்த இறக்கத்தில்தான் பவுல்ராஜ் ஞாபகத்தில் வந்து நின்றான். பட்டறையில் அவருக்கு அடுத்த மேசை, பளு தூக்குகிற செயின் பிளாக்கை இழுத்தபோது தோளுக்குள் ஏதோ கிழிந்தது, கிழிஞ்சிருக்கு என்ற ஒரே சொல்லை டாக்டர் சொன்னார், அதன் பிறகு அவன் கை கொடியில் காயப்போட்ட ஈரத்துண்டு மாதிரி சட்டைக்குள் தொங்கிக்கொண்டே ஓய்வு பெற்றது, பூசையில் பக்கத்திலிருப்பவருக்குக் கை கொடுத்துச் சமாதானம் சொல்லும்போது இடது கையைத்தான் நீட்டுவான். கிழிஞ்சிருக்கு. துணி என்றால் தைக்கலாம். இந்தப் பெண் வாயைத் திறந்து அதைச் சொல்லாமல் இருக்க வேண்டுமே, சொல்ல வருகிறாளோ, உதட்டைக் கடிக்கிறாள், உதட்டைக் கடித்தால் கிழிந்தது என்று அர்த்தமா, பிலோமியும் கறிக்கடையில் எலும்பைப் பார்த்து இப்படித்தான் உதட்டைக் கடிப்பாள், அங்கே அதற்கு வேண்டாம் என்று அர்த்தம். "ஒத்தைக் கால்ல நின்னு லேசா உட்காருங்க அங்கிள்." தோள் வலி என்று வந்தவனைக் கொக்கு மாதிரி நிற்கச் சொல்கிறாளே என்று நின்றார், வலது காலில் கொக்கு, இடது காலில் கொக்கு இல்லை, கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிழவன். "எறியறது கையில ஆரம்பிக்காது, கால்ல ஆரம்பிச்சு இடுப்பு வழியா மேல வரணும். உங்க இடது இடுப்பு வேலையே செய்யல, ஊன்றவும் மாட்டேங்குது திரும்பவும் மாட்டேங்குது, அது செய்ய வேண்டியதையும் சேர்த்துப் பாவம் இந்தத் தோள் செஞ்சிருக்கு." "எங்க வீட்டு நெலவரமும் அதுதாம்மா" என்றாள் பிலோமி, "ஒருத்தர் செய்யாத வேலையை இன்னொருத்தர் செய்யறது."

மல்லாக்கப் படுத்ததும் சுகமாக இருந்தது. மேலே விசிறி, விசிறிக்குப் பக்கத்தில் ஒரு பல்லி, விசிறியின் காற்று படாத தூரம் எவ்வளவு என்று அளந்து வைத்துக்கொண்டு நிற்கிற பல்லி. வலது கையைத் தோள் மட்டத்துக்கு விரித்து வைத்து, முழங்கையை மடக்கி, உள்ளங்கை விட்டத்தைப் பார்க்காமல் காலைப் பார்க்க, போக்குவரத்துப் போலீஸ் படுத்துக்கொண்ட மாதிரி. ஒரு உள்ளங்கையால் தோளை மேலிருந்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அவர் முன்கையைத் தலைப்பக்கம் சாய்த்தாள், எங்கே தானாக நிற்கிறதோ அங்கே நிறுத்தி, இரண்டு அளவுகோலை ஒரு ஆணியில் கோத்த மாதிரி இருந்த ஒன்றை வைத்துப் பார்த்தாள். பிறகு காலின் பக்கம். தச்சன் மட்டம் பார்க்கிற மாதிரி, கையை மரம் என்று நினைத்துவிட்டாளா, நினைக்கட்டும், மரத்துக்குப் பயம் இல்லை. இதமான கை அவளுடையது, வெதுவெதுப்பு, தூக்கமே வரும் போலிருந்தது, கட்டிலின் ரெக்சின் வியர்வையில் முதுகோடு ஒட்டிப் பிரிந்தது, தெருவில் யாரோ கோலமாவு கூவிக்கொண்டு போனார்கள், எறியலாம் என்று சொல்லிவிடுவாள், சொல்லிவிட்டால் இறங்கும்போது கழுத்துப் பட்டைக்காரருக்கு யானையின் தங்கச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். "இப்ப நல்ல கை, ஒப்பிட்டுப் பார்க்கறதுக்கு" என்று மறுபக்கம் சுற்றி வந்து இடது கையை விரித்தாள். தலைப்பக்கம் சாய்த்தாள். கை போயிற்று. போயிற்று, இன்னும் போயிற்று, கீல் போட்ட கதவு மாதிரி யாரும் தள்ளாமலே போய் மெத்தையைத் தொட்டது. நசீமா குனிந்து பார்த்தாள். அளவுகோலை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். வலதுக்கு ஓடினாள், திரும்பி வந்தாள். டாக்டர்கள் பேசினால் பிழைத்தோம், பேசாமல் இருந்தால்தான், ஒரு கை வலிக்கிறது என்று வந்தோம் இரண்டு கையும் போயிற்று என்று அனுப்பப் போகிறாள், நல்ல கையில் என்ன, வலிக்காத இடத்தில் வருவதுதானே பெரிய வியாதி, பிலோமிக்கு யார் தொட்டி மூடியைத் தூக்குவார், அவளேதான் தூக்குகிறாள், சரி, அதில் மாற்றமில்லை. "அங்கிள்" என்றாள் கடைசியில், "நீங்க எந்தக் கையால எறிவீங்க?" "என்னம்மா கேள்வி, சோத்துக்கையாலதான்." "எப்பவுமா?" "எப்பவும்." "சின்ன வயசுலயுமா?"

சின்ன வயசு. அங்கே ஒரு கதை கிடந்தது, ஆனால் அது எத்தனை தடவை சொல்லித் தேய்ந்த கதை, காசு மாதிரி தேய்ந்து ராஜா தலை அழிந்துபோனது. காலனிக்குப் பின்னால் மேடு, மேட்டில் சிக்னலுக்காக மெதுவாகிற ரயில் இன்ஜின், நிலக்கரி எரிக்கிற கறுப்பு இன்ஜின். வீட்டில் அடுப்புக்குக் கரி வேண்டும், கீழே சிந்தினதைப் பொறுக்கப் பத்து வீட்டுப் பிள்ளைகள் போட்டி, அப்போது யாரோ கண்டுபிடித்த யுக்தி, நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்லிச் சொல்லி இப்போது அந்த யாரோ யார் என்று அவருக்கே தெரியாது. இன்ஜின் மேல் கல்லை விட வேண்டும். உள்ளே கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன் மேலே படக் கூடாது, காதை உரசிக்கொண்டு போய் இரும்பில் டங்கென்று கேட்க வேண்டும். அவனுக்கு ஆத்திரம் வரும், கையில் வேறென்ன இருக்கிறது, கரிதான் இருக்கிறது, அள்ளி வீசுவான் பாருங்கள், பிள்ளைகள் சிதறி ஓடுவது போல ஓடித் திரும்பி வந்து சாக்கில் பொறுக்கிக்கொள்வார்கள். கல்லை விட்டால் கரி வரும். தலையில் சிவப்புத் துணி கட்டின ஒரு குண்டு ஃபயர்மேன், தொப்பை வள்ளல் என்று பேர் வைத்திருந்தார்கள், அவன் ஆத்திரம்தான் ரொம்பப் பெரிய ஆத்திரம், பூசணிக்காய் அளவு ஆத்திரம், இரண்டு நாள் சோறு பொங்கும். ஏழு வயதிலிருந்து, பள்ளிக்கூடம் போன நாளும் போகாத நாளும், மழை நாளில்கூட. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார், டீக்கடையில், கல்யாண வீட்டில், பிலோமியைப் பெண் பார்க்கப் போன அன்றைக்கே சொன்னார், கல் பட்டுத் தொப்பி பறந்தது என்றார், அடுத்த தடவை தொப்பி பறந்து புகைபோக்கியில் மாட்டியது, இன்னொரு தடவை, அதுவும் நொட்டாங்கையால், இடது கையால், என்று சேர்த்தார், கதைக்கு ஒரு காரம் வேண்டுமே என்று. அதற்குக் கோதண்டபாணி, "அடுத்தது கண்ணைக் கட்டிக்கிட்டுன்னு சொல்லு" என்றான். அடுத்த தடவை கண்ணைக் கட்டிக்கொண்டும் எறிந்தார். எந்தக் கை. மேட்டில் நிற்கிற பையனைப் பார்க்கிறார், அரைக்கால் சட்டை தெரிகிறது, மூக்கு ஒழுகுவது தெரிகிறது, சாக்கு தெரிகிறது, சாக்கு எந்தக் கையில். சாக்கு வலது கையில் இருந்தால் கல் எந்தக் கையில். தெரியவில்லை, கை இருக்க வேண்டிய இடத்தில் புகை.

"காரத்துக்காகச் சொன்னதும்மா அது" என்றார் நசீமாவிடம், கதையை முழுக்கச் சொல்லிவிட்டு, "நொட்டாங்கையெல்லாம் சும்மா." அவள் இடது தோளின் முன்பக்கம் கட்டை விரலை வைத்து எதையோ தேடினாள். எலும்பில் ஒரு வாய்க்கால் மாதிரி பள்ளம் இருக்குமாம், எல்லாருக்கும் உண்டாம், அந்தப் பள்ளம் நேர் மேலே வருகிறவரை கையைத் திருப்பி, வந்ததும் நிறுத்தி, முன்கை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பாளாம். வலது கை கொஞ்சம்தான் சாய்ந்தது. இடது கை பாதிவழி தலைப்பக்கம் படுத்துவிட்டது. "பிறக்கும்போது எல்லாருக்கும் இந்த மேல்கை எலும்பு பின்னாடி முறுக்கின மாதிரிதான் இருக்கும் அங்கிள். வளர வளர அந்த முறுக்கு கொஞ்சம் கொஞ்சமா அவிழும். ஆனா எலும்பு வளர்ற வயசுல ஒருத்தர் விடாம எறிஞ்சுக்கிட்டே இருந்தா, எறியற கையில முறுக்கு முழுசா அவிழாது, அப்படியே நின்னுடும். பெரியவனான பிறகு எவ்வளவு எறிஞ்சாலும் இது வராது. உங்க வலது கை பிற்பாடு எறியக் கத்துக்கிட்ட கை. இதுதான் சின்ன வயசுல எறிஞ்ச கை." விசிறி சுற்றியது. பல்லி ஒரு அடி நகர்ந்தது. சூசைமாணிக்கம் தன் இடது கையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தார், அறுபத்தேழு வருஷமாக அந்தப் பக்கமே தொங்கிக்கொண்டிருந்த ஆள், ஒரு வார்த்தை பேசினதில்லை. "எனக்குத் தெரியும்" என்றாள் பிலோமி திடீரென்று. "என்ன தெரியும்?" "கொசு அடிக்கறது அந்தக் கையாலதான். தூக்கத்துல கூட. ஒரு தடவையும் தப்பாது." கொசுவைச் சொல்கிறாளே, கொசுவையா, ஆனால் அந்தக் கொசு போய் எதிலோ மோதியது, டங்கென்று, இரும்பில் பட்ட மாதிரி, ஜெபஸ்தியான் வாத்தியார், ஆறாம் வகுப்பு, பள்ளி விளையாட்டு விழாவுக்கு ஆள் பொறுக்குகிறார், கையில் மூங்கில் ஈட்டி, "டேய், பீச்சாங்கையால எறிஞ்சா அது கோணிக்கிட்டுப் பொம்பளப் பிள்ளைங்க கயிறு தாண்டுற பக்கம் போகுதுடா, எவளாவது செத்தா நானா பதில் சொல்றது, சோத்துக்கைக்கு மாத்து." மாற்றினார். ஒரே நாளில் மாற்றினார், வாத்தியார் சொன்னால் தலையையே மாற்றிக்கொள்கிற காலம், எழுதுகிற கையை ஒன்றாம் வகுப்பிலேயே சிஸ்டரம்மாவின் பிரம்பு மாற்றிவிட்டது, சாப்பிடுகிற கையை அதற்கும் முன்னால் அம்மா மாற்றிவிட்டாள், மிச்சம் இருந்தது கல் ஒன்றுதான். சாக்கு வலது கையில். ஆமாம், வலது கையில், சணல் உறுத்தும். அப்படியானால் காரத்துக்கு என்று போட்டது காரம் இல்லை, அதுதான் சோறு, தொப்பியும் புகைபோக்கியும் கண்கட்டும் மேலே மேலே கொட்டி அடியில் கிடந்த சோற்றை அவரே மறந்துவிட்டார், பொய் சொல்லுகிறோம் என்று நினைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லியிருக்கிறார், இதைப் போல ஒரு மோசடி உண்டா, யாரிடம் போய் முறையிடுவது. சிரிப்பு வந்தது, வயிறு குலுங்கிற்று, கட்டில் கிறீச்சிட்டது. எலும்பு கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, ஊர் முழுக்க நம்பாதபோது உள்ளே ஒரு ஆள் மட்டும் ஆமாம் ஆமாம் என்று படுத்திருக்கிறான்.

சட்டையை மாட்டும்போது தீர்ப்பைச் சொன்னாள், பிலோமி பொத்தானைப் போட்டுவிட்டாள், நாலு என்ற வலி பொத்தான் போட விடவில்லை. கிழியவில்லை என்றுதான் நினைக்கிறேன் என்றாள், பிடி இறங்கினாலும் முழுசாக விடவில்லை, ஆனாலும் ஸ்கேன் ஒன்று எடுத்துப் பார்த்துவிடுவோம், தசையை எலும்போடு கட்டுகிற அந்த நார் வீங்கி நசுங்குகிறது, தோளின் பின்பக்கம் இறுகிக் கிடக்கிறது, அதைத் தளர்த்த வேண்டும், பட்டை எலும்பைப் பிடித்து வைக்கிற தசைக்கு வேலை சொல்லித்தர வேண்டும், இடுப்புக்கு அதைவிட. ரப்பர் நாடாவை ஜன்னல் கம்பியில் கட்டி இழுக்க வேண்டும், வலித்தால் நிறுத்த வேண்டும், வலித்தும் சிரித்துக்கொண்டு இழுக்கக் கூடாது. கிழியவில்லை என்ற சொல் உள்ளே போய் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டது, பவுல்ராஜின் ஈரத்துண்டு கொடியிலிருந்து இறங்கி மடிந்து அலமாரிக்குள் போயிற்று. "அப்ப போட்டி?" என்றார், குரலை ரொம்பச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி. "இந்த வருஷம் இல்ல அங்கிள். வலது கையால இப்போதைக்கு ஒரு ஈட்டியும் கிடையாது. எறிஞ்சீங்கன்னா அப்புறம் கிழிஞ்சிருக்குன்னு நானே சொல்ல வேண்டி வரும்." ஆக, அவ்வளவுதான். கோதண்டபாணியின் தங்கப்பல். மைதானத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து கொடுப்பார்கள், அண்ணே முந்தியெல்லாம் நல்லா எறிவாரு என்பார்கள், முந்தியெல்லாம். ஓடுகிற காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கால். பிலோமி அவர் காலரைச் சரிசெய்து, சரியாக இருந்ததையே மறுபடி சரிசெய்தாள், அவர் பேச்சை அவள் திருத்தாமல் விட்டது பயமாக இருந்தது. அவர் தரையைப் பார்த்தார், தரையில் ஒரு கூடை, கூடையில் விதவிதமான பந்துகள், பிள்ளைகளுக்கும் பக்கவாதக்காரர்களுக்கும் பிடித்துப் பிசையக் கொடுப்பது. நசீமாவும் கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "வலது கையாலன்னுதான் சொன்னேன்" என்றாள்.

பச்சை மஞ்சள் ரோமம் தேய்ந்த டென்னிஸ் பந்து ஒன்றை எடுத்து அவர் இடது உள்ளங்கையில் வைத்தாள். "ஈட்டி இல்ல. பந்துதான், லேசா, எதிர்ச் சுவத்துல அந்த மனுஷப் படம் இருக்கே, அதுக்குப் பக்கத்துல. இந்தக் கைக்கும் வயசு அறுபத்தேழுதான், அதை மறந்துடாதீங்க. நான் பார்க்கணும், அவ்வளவுதான்." எதிர்ச் சுவரில் தோலுரித்த மனிதன் ஒருவன் சிவப்புத் தசையெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தான், காதுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சுவர். நாற்காலியில் போய் உட்கார்ந்த பிலோமி, "வேணாங்க, எதையாவது உடைச்சுத் தொலைக்கப் போறீங்க" என்றாள். விரல்கள் பந்தைச் சுற்றி எங்கே உட்கார வேண்டும் என்று அவரைக் கேட்கவில்லை, உட்கார்ந்துவிட்டன. கூச்சமாக இருந்தது, வேறொருவன் செருப்பைப் போட்டுக்கொண்ட மாதிரி, இல்லை, தன் செருப்பையே வேறொருவன் காலில் பார்க்கிற மாதிரி. எப்படி நிற்பது, இடது காலை முன்னால் வைத்துத்தானே ஐம்பது வருஷத்துக்கு மேலான பழக்கம், வைக்கப் போனார், வைக்கவில்லை, வலது கால் போய் முன்னால் நின்றுகொண்டது, யார் சொன்னது அதற்கு, கொக்கு மாதிரி உறுதியாக நின்ற அதே வலது கால், இடுப்பு திரும்பிற்று, திரும்பமாட்டேன் என்று அடம் பிடித்த அந்த இடுப்பு எண்ணெய் போட்ட மாதிரி இந்தப் பக்கம் திரும்பிற்று, கை பின்னால் போயிற்று, போயிற்று, திரும்புகிற இடம் வந்தது, ஊசி வரும் என்று தோளைக் குறுக்கினார், ஊசி வரவில்லை, புகை வந்தது, கரிப்புகை, மூக்கில் ஏறுகிற நல்ல கெட்ட வாசனை, சிவப்புத் துணி, குண்டு முகம், காதை உரச வேண்டும், காதை மட்டும், லேசாக என்றாளே அந்தப் பெண், லேசாக என்றால் என்ன என்று கைக்குத் தெரியாது, கைக்குப் பத்து வயது. விட்டார். பந்து தோலுரித்த மனிதனின் காதோரம் சுவரில் அடித்து, திரும்பி, அடுத்த சுவரில் இடித்து, பிலோமியின் மடியிலிருந்த கைப்பையைத் தட்டிக் கீழே தள்ளியது, செபமாலை, மூக்குப்பொடி டப்பி, பஸ் சீட்டு, இருமல் மிட்டாய் எல்லாம் தரையில் உருண்டன. "கண்ணு தெரியுதா உங்களுக்கு? மனுஷி உக்காந்திருக்கறது தெரியுதா? பேராண்டி எடுத்த வயசுல..." என்று எழுந்தவள் குனிந்து கைக்குக் கிடைத்ததை எடுத்தாள், கிடைத்தது பந்துதான், எடுத்து ஆத்திரத்தோடு அவர் தலைக்கே குறி பார்த்து வீசினாள், கோபத்தில் அவளுக்கு இவ்வளவு நல்ல எறி வரும் என்று நாற்பத்திரண்டு வருஷத்தில் அவருக்குத் தெரியாது. இடது கை அதுவாகவே மேலே போய்ப் பிடித்தது. நசீமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிலோமிக்கும் உதட்டோரம் கோணிற்று, கோணினதை மறைக்க மிட்டாயைப் பொறுக்க உட்கார்ந்தாள். கரி கிடைத்தது, இன்றைக்கு அடுப்பு எரியும். சூசைமாணிக்கம் பந்தை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார், கனமாக, கதகதப்பாக இருந்தது, யாரையும் கேட்காமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார், கழுத்துப் பட்டைக்காரர் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தபடி படியிறங்கினார், யோசித்து யோசித்துப் பார்த்தும் நடந்ததைவிடப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.